ஒலிம்பஸ்ல கேட்ட ஹார்ன் சத்தம்

செமஸ்டர் லீவுல டெர்மினேட்டர் படங்களை வரிசையா பார்த்து முடிச்சதும், அர்னால்டோட முதல் படம் எதுன்னு தேடினேன். சிக்கினது 'ஹெர்குலிஸ் இன் நியூயார்க்'. 1970-ல் வந்தது. ஷூட்டிங் சமயத்தில் அவருக்கு வயசு 22. நம்ம ஃபைனல் இயர் பசங்களைவிட ஒண்ணு கூட, அவ்வளவுதான்.

டைட்டிலில் ஸ்வார்ஸ்நேகர்னு தேடாதீங்க, கிடைக்காது. 'அர்னால்டு ஸ்ட்ராங்'னு போட்டிருக்கும். கூட நடிச்ச காமெடியன் பேர் அர்னால்டு ஸ்டாங். ரெண்டையும் சேர்த்துப் படிச்சா பிரிண்டிங் மிஸ்டேக் மாதிரி இருக்கு.

கதை? ஒலிம்பஸ் போரடிக்குதுன்னு ஹெர்குலிஸ் அடம் பிடிக்கிறார். அப்பா ஜீயஸ் கோபத்தில் பூமிக்குத் தள்ளிவிடுறார். அவ்வளவுதான். ஜீயஸ் கிரேக்கப் பேர், ஆனா பக்கத்தில் நிக்கிற ஜூனோவும் வீனஸும் ரோமானியப் பேர். யாரும் கவலைப்பட்டதா தெரியல.

பட்ஜெட் எவ்வளவு சின்னதுன்னு ஒலிம்பஸைப் பார்த்தாலே புரியும். நியூயார்க் பார்க்கில்தான் தேவலோகத்தையும் எடுத்திருக்காங்க. தேவர்கள் வசனம் பேசும்போது பின்னாடி கார் ஹார்ன் கேட்குது! ஸ்பாட்டிலேயே பதிவு பண்ணின குரலோட சேர்ந்த ஹார்னைத் தனியா உருவி எடுக்க அன்னைக்கு சாஃப்ட்வேர் கிடையாது. வசனத்தை ஸ்டூடியோவில் மறுபடி பேசணும். அதுக்கும் காசு வேணும். கரடியோட ஹெர்குலிஸ் மோதும் சீன் இன்னும் மோசம். கரடி உடுப்புக்குள்ள ஒரு ஆள் இருக்கார்னு அஞ்சு வயசுக் குழந்தைகூட சொல்லிடும்.

ஆனா ஒரு விஷயத்துக்கு மட்டும் டப்பிங் பண்ணியிருக்காங்க: ஹீரோவோட குரலுக்கு. ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்கா போய் ரெண்டு வருஷம்கூட ஆகல, உச்சரிப்பு அவ்வளவு கனமா இருந்ததாம். வேற ஒருத்தர் குரல்தான் தியேட்டர்ல கேட்டது. 1973-ல் 'தி லாங் குட்பை'யில் ஒரு வார்த்தைகூட பேசாத அடியாள் வேஷம். அப்புறம் 1976-ல் வந்த 'ஸ்டே ஹங்ரி'க்குப் புதுமுக நடிகருக்கான கோல்டன் குளோப் கொடுத்தாங்க. ஹெர்குலிஸை அதுக்குள்ள எல்லாரும் மறந்துட்டாங்க போல!

போன மாசம் ஒரு மாக் இன்டர்வியூவில், என் இங்கிலீஷ்ல தமிழ் வாடை ஜாஸ்தின்னு எழுதிக் கொடுத்தாங்க. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நான். அந்தக் கடுப்புலதான் இந்தப் படத்தை ரெண்டாவது தடவை பார்த்தேன். இந்தத் தடவை, பின்னாளில் டிவிடியில் வந்த அவரோட சொந்தக் குரல் வெர்ஷன்.

டப்பிங் குரல் சுத்தமா இருக்கு, ஆனா அந்த உடம்புக்கு ஒட்டவே இல்ல. சொந்தக் குரலில் சில வார்த்தை புரியல, நடிப்பும் சுமார்தான். இருந்தாலும் திரையில் ஒரு ஆள் இருக்கார். 1984-ல் டெர்மினேட்டரில் அந்த மூணு வார்த்தை வசனம் சொன்னதும் இதே உச்சரிப்பில்தான். இன்னைக்கு உலகமே அதை மிமிக்ரி பண்ணுது.

பார்க்கிறதா இருந்தா சொந்தக் குரல் வெர்ஷனைத் தேடிப் பிடிங்க. கரடி வர்ற வரைக்குமாவது பொறுத்துக்கோங்க.