மனையகத்து மடைப்பள்ளி

ஸ்ரீவைஷ்ணவ இல்லங்களில் ‘சமையலறை’ என்ற சொல் எங்கள் தலைமுறையின் இளமைக் காலம்வரை காதில் விழுந்ததில்லை. ‘தளிகை உள்’ என்பதே வழக்கு. அங்கு நடப்பது தளிகை பண்ணுதல். அங்கு ஆவன கறியமுது, சாற்றமுது, திருக்கண்ணமுது. தளிகை என்னும் சொல், ஸ்தாலிகா என்ற வடசொல்வழிப் பாண்டத்தைக் குறித்துப் பின்னர் அப்பாண்டத்தில் எம்பெருமானுக்கு ஸமர்ப்பிக்கும் அமுதையும் குறித்தது என்பர். கோயிலில் திருமடைப்பள்ளி என்கிறோம். மடை என்பது பழந்தமிழில் தெய்வத்துக்குப் படைக்கும் உணவு. அதனை ஆக்குபவன் மடையன். (அறிவிலியைக் குறிக்க இன்று வழங்கும் சொல் ‘மடம்’ என்பதன் அடியாகப் பிறந்தது, வேறு.) ஆக இவ்விரு பெயர்களும் உண்ணும் மனிதனையிட்டு எழுந்தவையல்ல. அமுது செய்தருளும் எம்பெருமானையிட்டே எழுந்தவை.

இதனை இப்போது எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணமுண்டு. அடியேனுடைய பேத்தி சென்னையில் ஓர் அடுக்ககத்தில் வீடு வாங்கினாள். அதில் தளிகை செய்யும் இடத்துக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் இல்லை. ‘ஓபன் கிச்சன்’ என்கிறார்கள். வந்தவர் ஆஸனத்தில் அமர்ந்தபடியே அடுப்பைப் பார்க்கலாம். சுவர் எழுப்பியே ஆக வேண்டும் என்று புக்ககத்தார் சொல்ல, கட்டடத்தார் இயலாது என்று மறுக்க, “தாத்தா, நீங்கள் சொல்லுங்கள், இந்த வீட்டில் பெருமாளுக்குத் தளிகை பண்ணலாமா கூடாதா?” என்று கேட்டாள். எழுப்பத்தான் வேண்டும் என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்னபின் மனம் ஒப்பவில்லை. எந்தப் பிரமாணத்தைக் கொண்டு சொன்னேன் என்று என்னையே கேட்டுக்கொண்டபோது விடை எளிதாக வரவில்லை.

முதலில் திக்கு. வராஹமிஹிரரின் ப்ருஹத் ஸம்ஹிதை, வாஸ்து வித்யையைச் சொல்லுமிடத்தில், தேவக்ருஹத்தை ஈசான்யத்திலும் மஹாநஸமாகிய மடைப்பள்ளியை ஆக்நேயத்திலும் அமைக்க விதிக்கிறது. இது ப்ரஸித்தம். ஆனால் நம் அக்ரஹாரங்களில் இவ்விதி எவ்வளவு நின்றது என்று பார்க்க வேண்டும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று உள்ளே செல்லச் செல்ல வீடு நீண்டுகொண்டே போகும். தளிகை உள் பின்கட்டில், கொல்லைக் கிணற்றை ஒட்டி இருக்கும். தெற்கு வடக்கான தெருவில் கீழைச் சரகத்து வீடுகள் மேற்குப் பார்த்தவை. அவற்றுக்குப் பின்கட்டு கிழக்கே. ஆகவே ஆக்நேய மூலை பின்புறத்தில் கிடைக்கும். எதிர்ச் சரகமோ கிழக்குப் பார்த்தது. அவ்வீடுகளுக்கு ஆக்நேயம் திண்ணையோரத்தில், தெருவின்மேல் வந்துவிடும். கிழக்கு மேற்கான தெருவிலும் இதே நிலைதான்: வடக்குப் பார்த்த வரிசைக்குக் கிடைக்கும், தெற்குப் பார்த்த வரிசைக்குக் கிடைக்காது. ஆயினும் கிடைக்காத வரிசைகளில் ஒருவரும் தெருப்பக்கம் அடுப்பு மூட்டவில்லை. நீரும் மறைவும் எங்கு வாய்த்தனவோ அங்கேதான் தளிகை செய்தார்கள். வாஸ்து வித்யையை அறிந்த பெரியோர்கள் வாழ்ந்த தெருக்கள் அவை. ஆகையால் திக்கு நியமம் இயன்றவிடத்துக் கொள்ளத்தக்கது, இயலாதவிடத்துத் தடையாகாது என்பதற்கு அந்த வீடுகளே சான்று.

இனி சுத்தி. ஆஹாரம் சுத்தமானால் ஸத்வம் சுத்தமாகும் என்று சாந்தோக்யம் 7ஆம் ப்ரபாடகத்தின் முடிவில் ஓதுகிறது. அங்கு ஆஹாரம் என்பதற்குப் புலன்களால் கவரப்படும் விஷய ஞானம் என்று சங்கரர் பொருள் கொண்டார். நம் பாஷ்யகாரரோ, ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், வாக்யகாரர் காட்டிய ஏழு ஸாதனங்களுள் முதலாவதான விவேகத்தை விளக்குமிடத்து, உண்ணும் அன்னத்தையே கொண்டார். அன்னத்துக்கு வரும் தோஷம் மூன்று வகை: ஜாதியால் வருவது, ஆச்ரயத்தால் வருவது, நிமித்தத்தால் வருவது. உள்ளி, வெங்காயம் போன்றவை இயல்பிலேயே விலக்கப்பட்டவை. இது ஜாதி தோஷம். யாருடைய பொருள், எவ்வழியில் வந்தது என்பதால் நேர்வது ஆச்ரய தோஷம். மயிர் விழுதல், எச்சில் படுதல் போல்வன நிமித்த தோஷம். ஸ்வாமி தேசிகனும் ‘ஆஹார நியமம்’ என்னும் 21 பாசுரங்களில் கொள்வனவற்றையும் தள்ளுவனவற்றையும் தமிழிலேயே அருளிச்செய்தார். வடமொழி பயிலாத பெண்டிரும் பிறரும் அறிய வேண்டும் என்பதே அத்தமிழுக்குக் காரணமாக இருக்க வேண்டும் என்பது அடியேன் எண்ணம்.

இம்மூன்றில் சுவரும் கதவும் காக்கக்கூடியது எது? நிமித்த தோஷம் ஒன்றை மட்டுமே. ஜாதி தோஷத்தைக் கடைவீதியில் காக்க வேண்டும். ஆச்ரய தோஷத்தை, பொருள் ஈட்டும் இடத்தில் காக்க வேண்டும். நாமோ மடி, விழுப்பு, பத்து என்று மூன்றாவதில் காட்டிய ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கையும் இரண்டாவதில் காட்டவில்லை. அரிசி எந்த மூலையில் வெந்தது என்று கேட்கிறவர்கள், அது எந்தப் பணத்தில் வந்தது என்று கேட்பதில்லை. பஞ்சகால ப்ரக்ரியையில் இஜ்யைக்கு முன்னே உபாதானத்தை வைத்ததன் கருத்தை இங்கு நினைக்க வேண்டும். தளிகை உள் அவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

கீதை 3ஆம் அத்யாயத்து 13ஆம் ச்லோகத்துக்கு எம்பெருமானார் அருளிய பாஷ்யத்திலும் இம்முறையே அமைந்திருப்பதைக் காணலாம். பரமபுருஷனுடைய ஆராதனத்துக்கென்றே த்ரவ்யங்களைக் கொண்டு, சமைத்து, அவனை ஆராதித்து, எஞ்சியதால் சரீர யாத்திரை நடத்துபவர் பாபத்தினின்றும் விடுபடுகின்றனர் என்பது அதன் கருத்து. ஆராதனத்துக்கென்ற எண்ணம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். பொருளைக் கையில் எடுக்கும்போதே தொடங்குகிறது. நமக்கென்று சமைத்து முடித்து, அதில் ஒரு கிண்ணத்தைப் பெருமாள்முன் காட்டி எடுத்து வருவது இந்த வாக்யத்துக்குள் அடங்காது.

இன்னுமொன்று. தளிகை உள்ளைத் தூய்மையின் இருப்பிடமாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். மநுவோ (3:68) க்ருஹஸ்தனுக்குக் கொலைக்களங்கள் ஐந்து என்று கணக்கிட்டு, அடுப்பு, அம்மி, துடைப்பம், உரலுலக்கை, நீர்க்குடம் ஆகியவற்றைச் சொல்கிறார். ஐந்தும் அடுக்களைப் பொருள்களே. காய்கறி மட்டும் உண்பவன் வீட்டிலும் எறும்பும் புழுவும் சாகின்றன. அதற்குப் பரிஹாரமாகவே பஞ்ச மஹாயஜ்ஞம். வைச்வதேவத்தில் வாயிற்படியிலும் நீரிலும் உரலுலக்கையிலும் தனித்தனியே பலியிட்டு, பின் நாய்க்கும் காக்கைக்கும் புழுவுக்கும் தரையில் அன்னமிடச் சொல்லிற்று. எனவே தளிகை உள்ளில் நிற்பவனுக்கு ‘நான் மடி’ என்ற செருக்குக்கு இடமில்லை.

அச்செருக்கு எங்கே கொண்டுவிடும் என்பதை நம் குருபரம்பரை நூல்களே காட்டுகின்றன. எம்பெருமானார் (1017–1137) காஞ்சியில் க்ருஹஸ்தராக இருந்தபோது திருக்கச்சிநம்பிகளை அமுது செய்ய அழைத்தார். நம்பிகளின் சேஷத்தைத் தாம் ஸ்வீகரிக்க வேண்டும் என்பது அவர் மநோரதம். அவர் ஒரு வீதியால் அழைக்கச் செல்ல, நம்பிகள் மற்றொரு வீதியால் எழுந்தருளி, அமுது செய்து திரும்பிவிட்டார். தேவிகள் அவ்விடத்தைச் சுத்தி செய்து, மிகுந்ததை அகற்றி, நீராடிப் புதிதாகத் தளிகை செய்தார். பின்பு கிணற்றடியில் பெரியநம்பிகளின் தேவிகளோடு குடத்து நீர் பற்றி நேர்ந்த பூசல். பசித்து வந்த பாகவதருக்கு அன்னம் இருந்தும் இல்லை என்ற செய்தி. நூல்களுக்கிடையே வரிசை மாறினும் மூன்றும் அடுப்பையும் நீரையும் அன்னத்தையும் பற்றியவையே. உலகை உய்விக்க வந்த ஆசார்யரின் இல்லறம் தளிகை உள்ளில் முறிந்தது.

அந்த அம்மையாரைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. தமக்குக் கற்பித்த நிமித்த சுத்தியை அவர் வழுவாது காத்தார். எங்கள் பாட்டிமார் காத்ததும் அதுவே. கற்பிக்கப்படாதது பாகவத சேஷத்தின் பெருமை. எந்தச் சுத்தி ஒரு பாகவதனை வெளியே நிறுத்துகிறதோ அது சுத்தியன்று என்பதே அவ்வைதிஹ்யங்களின் தாத்பர்யம்.

இதற்கு மறுதலையான காட்சி ஸ்ரீரங்கத்தில். உடையவருடைய பிக்ஷையில் விஷம் கலந்த செய்தியறிந்து திருக்கோஷ்டியூர்நம்பி எழுந்தருளுகிறார். எதிர்கொண்ட உடையவர் கொதிக்கும் மணலில் தண்டனிட்டுக் கிடக்க, நம்பி எழுந்திருக்கச் சொல்லாதிருக்கிறார். பொறாத கிடாம்பி ஆச்சான் உடையவரை வாரியெடுத்துவிட்டு, இது என்ன முறை என்று நம்பியையே கேட்கிறார். இவரைத் தேடித்தான் வந்தோம் என்று மடைப்பள்ளிக் கைங்கர்யத்தை அவரிடம் ஒப்புவித்தார் நம்பி. விஷத்தைத் தடுக்க அவர் கதவையோ காவலையோ ஏற்படுத்தவில்லை. பரிவுடைய ஒருவரை அடுப்பருகே நிறுத்தினார். அவ்வாச்சான் வழியே ரஹஸ்யார்த்தங்கள் கிடாம்பி அப்புள்ளாரை அடைந்து, அவரிடமிருந்து தேசிகனுக்கு (1268–1369) வந்தன. மடைப்பள்ளி ஸம்ப்ரதாயம் என்று அதற்குப் பெயரே அமைந்தது.

ஆச்சான் கற்ற வித்வான். கோயில் மடைப்பள்ளிகளிலும் கரண்டி பிடிப்பவர் ஆடவரே. வீட்டில் மட்டும் அது பெண்டிர் தலையில் முழுவதுமாக விழுந்தது எப்படி? எங்கள் பழைய வீட்டுத் தளிகை உள்ளுக்கு ஜன்னல் கிடையாது. த்ருஷ்டி தோஷம் வரக்கூடாதென்று அடைத்துக் கட்டியிருந்தார்கள். என் தாயார் ஈர விறகின் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே நாற்பது ஆண்டுகளுக்குமேல் அங்கு நின்றார். அதே ஊர்க் கோயில் மடைப்பள்ளியின் கூரையிலோ புகை போக அகன்ற வழி இருந்தது. மறைவு வேண்டும் என்று சாஸ்த்ரம் சொல்லும். இருட்டு வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. இவ்வேறுபாட்டைக் கற்ற எங்கள் வீட்டு ஆடவர் ஒருவரும் நினைக்கவில்லை, அடியேன் உட்பட.

பேத்திக்கு மறுபடி எழுதினேன். சுவர் வேண்டாம், திரை போதும். ஸந்நிதியிலும் எம்பெருமான் அமுது செய்தருளும்போது திரைதான் சாற்றுகிறார்கள். தளிகை தொடங்கி ஸமர்ப்பிக்கும்வரை திரை இருக்கட்டும், பாத்திரங்கள் மூடியபடி கோயிலாழ்வாருக்குச் செல்லட்டும். பின்பு திரையை விலக்கி, வந்தவர்க்கெல்லாம் இலை போடு. அடுப்பு ஆக்நேயத்தில் அமையாவிட்டால் கவலற்க. குளிர்ப்பெட்டியில் பாலும் காயும் வைக்கலாம். நேற்று வெந்த அன்னத்தைப் பெருமாளுக்கு வைக்காதே. உன் அகத்துக்காரனும் தளிகை பழகட்டும். கேட்டால் கிடாம்பி ஆச்சானைச் சொல்.

பிறருக்குச் சொல்வது எளிது. என் தேவிகள் பரமபதித்தபின், 68ஆம் வயதில்தான் அடியேன் முதன்முதலாக அடுப்பு மூட்டினேன். ஸமர்ப்பிக்குமுன் சுவைத்துப் பார்த்தல் கூடாதென்று எத்தனையோ பேருக்கு உபந்யஸித்திருக்கிறேன். சுவையாமல் உப்பிடுவது எப்படி என்று அன்றுதான் திகைத்தேன். சில மாதங்கள் பெருமாள் கரித்த குழம்பையும் உப்பில்லாச் சாற்றமுதையும் பொறுத்தருளினார். ஒருநாள் உப்பு மரவையைக் கழுவுவதற்காகக் கவிழ்த்தபோது அதிலிருந்த கொட்டாங்கச்சியின் உட்புறத்தைப் பார்த்தேன். கத்திமுனையால் இரண்டு கீறல்கள்: கீழே ஒன்று, சற்று மேலே ஒன்று. கீழ்க்கீறல் சாற்றமுதுக்கு, மேற்கீறல் குழம்புக்கு என்று இருமுறை இட்டுப் பார்த்து அறிந்துகொண்டேன். ஐம்பதாண்டு அந்த வீட்டில் உண்டவன் அதை அதற்குமுன் கண்டதில்லை. அதே அளவில் வேறொரு கொட்டாங்கச்சியில் கீறிப் பேத்திக்கு அனுப்பியிருக்கிறேன்.