வீட்டில் ஜாம் தயாரித்தலும் புட்டியில் அடைத்தலும்

ஜாம் (பழப்பாகு) என்பது பழக்கூழைச் சர்க்கரையுடனும் அமிலத்துடனும் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிப் பெறப்படும் உணவு. முறையாகப் புட்டியில் அடைக்கப்பட்ட ஜாம், குளிர்பதனப் பெட்டி இல்லாமலே பல மாதங்கள் கெடாமல் இருக்கும். சர்க்கரை, அமிலம், காற்றுப்புகா மூடி ஆகிய மூன்றும் இதற்குக் காரணம். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

கெடாமல் இருப்பதன் காரணங்கள்

சர்க்கரை: காய்ச்சி முடித்த ஜாமில் கரைந்த திடப்பொருள் ஏறத்தாழ 65 விழுக்காடு இருக்கும், இதில் பெரும்பகுதி சர்க்கரை. அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நுண்ணுயிரிகள் வளரத் தேவையான நீர் கிடைப்பதில்லை.

அமிலம்: உயிருக்கு ஆபத்தான பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா, காற்றில்லாத இடத்திலும் வளரும். அமிலகாரக் குறியீடு (பி.எச்) 4.6 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அது வளராது. பப்பாளி, வாழை போன்ற புளிப்புக் குறைந்த பழங்களில் எலுமிச்சைச் சாறு சேர்ப்பது சுவைக்காக மட்டும் அன்று.

மூடி: சில பூஞ்சைகள் சர்க்கரையையும் புளிப்பையும் தாங்கும். ஆனால் அவற்றுக்குக் காற்று தேவை. காற்றை வெளியேற்றி அடைப்பது அவற்றைத் தடுக்கிறது.

காய்ச்சும் முறை

பழத்திலுள்ள பெக்டின் என்னும் பொருளே ஜாமை உறையச் செய்கிறது. கொய்யா, ஆப்பிள் ஆகியவற்றில் பெக்டின் மிகுதி. அன்னாசி, ஸ்ட்ராபெரி ஆகியவற்றில் குறைவு. பெக்டின் குறைந்த பழத்துடன் மிகுந்த பழத்தைக் கலப்பது வழக்கம்.

நீர் கொதிக்கும் வெப்பநிலையைவிட ஏறத்தாழ 4 முதல் 5 பாகை செல்சியசு கூடும்போது ஜாம் பதம் பெறுகிறது. கடற்கரை ஊர்களில் இது 104–105 பாகை. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதிப்பதால், அங்கு 97 பாகையிலேயே பதம் வந்துவிடும். வெப்பமானி இல்லாதபோது, குளிர்ந்த தட்டில் ஒரு துளி இட்டு ஆறியபின் விரலால் தள்ளிப் பார்க்கலாம். மேற்பரப்பு சுருங்கினால் பதம் சரி.

புட்டியில் அடைத்தல்

1. கழுவிய கண்ணாடிப் புட்டிகளை நீரில் 10 நிமிடம் கொதிக்க வைத்து, சூடாகவே வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த புட்டியில் சூடான ஜாமை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும்.
2. மேலே ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இடம் விட்டு ஜாமை நிரப்ப வேண்டும்.
3. விளிம்பைச் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் ஜாம் மூடி சரியாகப் பதிவதைத் தடுக்கும்.
4. புதிய மூடியை மிக இறுக்காமல் திருக வேண்டும். உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும்.
5. அடியில் துணியோ தட்டோ இட்ட பாத்திரத்தில், மூடிக்கு மேல் ஓர் அங்குலம் நீர் நிற்கும்படி வைத்து, கால் லிட்டர் அளவுள்ள புட்டிகளை 5 நிமிடம் கொதிக்க விட வேண்டும். 300 மீட்டருக்கு மேல் 10 நிமிடமும், 1,800 மீட்டருக்கு மேல் 15 நிமிடமும் தேவை.
6. வெளியே எடுத்து 12 முதல் 24 மணி நேரம் அசைக்காமல் ஆறவிட வேண்டும்.

ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைந்து மூடியின் நடுப்பகுதி உள்வாங்கும். அழுத்தினால் மேலெழும்பி ஓசை எழுப்பும் மூடி சரியாக அடைபடவில்லை. அந்தப் புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விரைவில் பயன்படுத்த வேண்டும்.

வரலாறு

பிரான்சைச் சேர்ந்த மிட்டாய்த் தயாரிப்பாளர் நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிக்க வைத்துப் பாதுகாக்கும் முறையை உருவாக்கினார். இதற்காக 1810இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்கு வழங்கியது. நுண்ணுயிரிகளே உணவைக் கெடுக்கின்றன என்பதை லூயி பாஸ்டர் விளக்கியது அதற்குப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான். 1858இல் அமெரிக்கரான ஜான் லேண்டிஸ் மேசன் திருகு மூடிப் புட்டிக்குக் காப்புரிமை பெற்றார்.

தவிர்க்க வேண்டியவை

மேற்கு நாட்டு வீடுகளில் ஜாமின் மேல் உருக்கிய மெழுகை ஊற்றி மூடும் பழக்கம் இருந்தது. மெழுகு ஆறும்போது சுருங்கி இடைவெளி விடுவதால் இம்முறை இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பதும் கொதிநீர் முறைக்கு ஈடாகாது.

சர்க்கரையைப் பெரிதும் குறைத்துச் செய்த ஜாமை அறை வெப்பநிலையில் வைக்கலாகாது. திறந்த புட்டியில் காற்று மீண்டும் புகுவதால் அதையும் குளிர்பதனப் பெட்டியிலேயே வைக்க வேண்டும். பூஞ்சை படர்ந்த ஜாமில் மேற்பகுதியை மட்டும் வழித்தெடுப்பது போதாது. பூஞ்சை நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கக்கூடும் என்பதால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.