நரம்பின் காவலர்



எங்கள் விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி வெடித்தொழிலில் உள்ள நுட்பம் ஒன்றை முதலிற் கூறுகிறேன். மருந்து பூசிய நூல்திரியை வெறுமனே கொளுத்தினால் தீ மெல்ல ஊர்ந்து செல்லும். அதே திரியைக் காகிதக் குழலுக்குள் வைத்துக் கொளுத்தினாலோ, கண்ணிமைக்கும் நேரத்தில் தீ மறுமுனையை எட்டிவிடும். திரி மாறவில்லை, உறையே வேகத்தைத் தந்தது. நம் உடலின் நரம்புகளிலும் உறையின் பெருமை இத்தகையதே. செயற்படும் முறை மட்டும் வேறு.

நரம்பணுக்கள் மின்துடிப்புகளாகச் செய்தி அனுப்புகின்றன என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவற்றுக்குத் துணைநின்று காக்கும் அணுக்கூட்டம் ஒன்றும் உண்டு. 1856-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ அதற்கு ‘நரம்புப் பசை’ என்று பொருள்படும் பெயரை இட்டார். கிளையா அணுக்கள் என்று நாம் இன்று வழங்குவன அவையே. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. பிற அணுக்களும் ஏறக்குறைய அதே அளவினவாக உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை கிளையா அணுக்களே.

இவற்றின் பணிகள் யாவை? விண்மீன் வடிவ அணுக்கள் நரம்பணுவுக்கு ஊட்டம் அளித்து, அதனைச் சுற்றியுள்ள உப்புகளின் அளவைச் சீராக வைக்கின்றன. நுண்கிளையா அணுக்கள் கிருமிகளையும் சிதைவுகளையும் விழுங்கித் துப்புரவு செய்கின்றன. வேறு சில அணுக்கள் நரம்பிழையைச் சுற்றி மையலின் என்னும் கொழுப்புறையைப் போர்த்துகின்றன. அவ்வுறையில் இடையிடையே இடைவெளிகள் உண்டு. துடிப்பு ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவிச் செல்கிறது. ஆதலால், உறையில்லாத மெல்லிழையில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் செல்லும் செய்தி, உறையுள்ள தடித்த இழையில் நொடிக்கு நூறு மீட்டரளவும் விரைகிறது.

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே, கை கால் நரம்புகளில் இப்பணியைச் செய்வன ஷ்வான் அணுக்கள். தியோடர் ஷ்வான் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரை அவை தாங்கி நிற்கின்றன. வெம்மையையும் வலியையும் உணர்த்தும் மெல்லிழைகள் பலவற்றையும், தாய் தன் பிள்ளைகளை அணைப்பதுபோல, ஒரே ஷ்வான் அணு தன் மடிப்புகளில் தாங்குவதுண்டு.

காவலன் வீட்டிலேயே கள்வன் புகுந்தால் என்னாகும்? தொழுநோயில் நிகழ்வது அதுவே. 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, ஷ்வான் அணுவின் மேற்பூச்சிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. ஒருமுறை இரண்டாகப் பெருகுவதற்கே அதற்கு இரண்டு வாரமளவு ஆகும். ஆதலால் நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் செல்லும். பின்னர் உடலின் காப்புப்படை கிருமியைத் தாக்க வரும்போது நரம்பு வீங்குகிறது. இறுக்கமான உறைக்குள் நசுங்கி இழைகள் அழிகின்றன. முதலில் வெம்மையுணர்வும், அதனையடுத்து வலியுணர்வும் தொடுவுணர்வும் மறைகின்றன.

வலி இல்லாமை நன்மைதானே என்று எண்ணாதீர்கள். தீக்குச்சியும் மத்தாப்பும் செய்யும் ஊரில் வாழும் நமக்கு, சுடுகிறது என்று அறிவிக்கும் நரம்பு எத்துணை அரிய காவல்! இதனைத் தமிழ்நாட்டிலிருந்தே உலகுக்கு விளக்கியவர் மருத்துவர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையிற் பிறந்த அவர், 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நோயாளியின் விரல்கள் அழுகி உதிர்வதில்லை. உணர்ச்சியின்மையாற் கவனிக்கப்படாத காயங்களும் சுடுபுண்களுமே அவற்றைத் தேய்த்து அழிக்கின்றன என்று அவர் நிறுவினார். வளைந்து மடங்கிய கைகளுக்கு, நலமான தசையின் நாணை மாற்றிப் பொருத்தி, மீண்டும் இயங்கும் ஆற்றலைத் தந்தார்.

நான் தலைமையாசிரியனாயிருந்த பள்ளியில் ஒரு மாணவனின் முன்கையில் வெளிறிய படை ஒன்று இருந்தது. ஊரார் பேச்சுக்கு அஞ்சிப் பெற்றோர் அதனை முழுக்கைச் சட்டையால் மறைத்து வந்தனர். அவர்களுடன் பலநாள் பேசி, சிறுவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். ஆறு மாத மருந்தில் நோய் தீர்ந்தது. இன்று அவன் இரு கைகளாலும் அச்சகத்தில் உழைத்துக் குடும்பம் நடத்துகிறான். இன்னும் சில ஆண்டுகள் மறைத்திருந்தால் அக்கை என்னவாகியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் இந்நோயைத் தீர்க்கிறது. நம் அரசு மருத்துவ நிலையங்களில் அது இலவசம். மருந்து தொடங்கியபின் நோய் பிறருக்குப் பரவும் அச்சம் விரைவில் நீங்கும். பெரும்பாலோர்க்கு இக்கிருமியை எதிர்க்கும் இயற்கை ஆற்றலும் உண்டு. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் கொண்ட சட்டப் பிரிவுகளையும் 2019-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. எனினும் கிருமியை மருந்து கொல்லுமேயன்றி, முற்றும் மடிந்த நரம்பை மீட்டுத் தராது. ஆதலால் காலமே இங்கு உயிர்நாடி.

ஆகவே, உங்கள் உடலிலோ உடன்பிறந்தார் உடலிலோ உணர்ச்சியற்ற, வெளிறிய அல்லது சிவந்த படை தோன்றினால் மறைக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். வகுப்பில் ஒருவனுக்கு அப்படி இருப்பது தெரிந்தால், விலகி அமராமல் அவனுக்குத் துணையாகச் செல்லுங்கள். நரம்பிழைக்கு ஷ்வான் அணு காவல் நிற்பதுபோல, மனிதனுக்கு மனிதன் துணைநிற்றலே நாம் கற்ற கல்வியின் பயனாகும்.