கிருமியைத் துரத்த முடியாத குடல்

கிரிப்டோஸ்போரிடியம் குடலின் உட்சுவர் செல்களில் குடியேறும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அசுத்தமான நீர் வழியாகப் பரவும். ஆரோக்கியமானவருக்குத் தண்ணீராக வயிற்றுப்போக்கு வரும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானாகவே நின்றுவிடும். பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைந்த சில குழந்தைகளிடம் அது நிற்பதில்லை.

அத்தகைய குறைபாடுகளில் ஒன்று ஹைப்பர் ஐஜிஎம் நோய். இதன் முக்கிய வகைக்குக் காரணம், எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பழுது. 1993-இல் இந்தப் பழுது கண்டறியப்பட்டது. தாய் வழியாக வரும் இந்நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. டி வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் இருக்க வேண்டிய சிடி40 லிகாண்ட் என்ற புரதம் இவர்களிடம் இல்லை, அல்லது வேலை செய்வதில்லை. இந்தப் புரதம் தரும் சைகை கிடைத்தால்தான் பி வெள்ளையணுக்கள் ஐஜிஎம் என்ற எதிர்ப்புரதத் தயாரிப்பிலிருந்து ஐஜிஜி, ஐஜிஏ என்ற எதிர்ப்புரதங்களின் தயாரிப்புக்கு மாறும். கிருமிகளை விழுங்கும் அணுக்களும் முழு வீச்சில் இயங்கும். சைகை இல்லாததால் குடலுக்குள் புகுந்த ஒட்டுண்ணியை வெளியேற்ற ஆளில்லை.

ஒட்டுண்ணி இரண்டு வகை முட்டைக்கூடுகளை உருவாக்குகிறது. தடித்த கூடு மலத்தோடு வெளியேறி அடுத்தவரைத் தொற்றும். மெல்லிய கூடு குடலுக்குள்ளேயே உடைந்து, அதே உடலை மீண்டும் தொற்றும். எதிர்ப்பாற்றல் இல்லாத உடலில் இந்தச் சுழற்சி மாதக்கணக்கில் நீள்கிறது; குழந்தை இளைத்துக்கொண்டே போகிறது. பித்தநாளங்களுக்கும் தொற்று ஏறினால் அவை வீங்கி, தழும்பேறி, சுருங்குகின்றன. மஞ்சள் காமாலை வரலாம், கல்லீரலே கெட்டுப்போகலாம்.

வழக்கமான மலப் பரிசோதனையில் இந்த ஒட்டுண்ணி தப்பிவிடக்கூடும். காசநோய்க் கிருமிக்குப் போடுவதுபோன்ற சிறப்புச் சாயம் ஏற்றினால், நான்கு முதல் ஆறு மைக்ரான் அளவுள்ள சிவந்த உருண்டைகளாகத் தெரியும். சந்தேகப்படும் மருத்துவர் அதைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

நிட்டசோக்சனைடு போன்ற மருந்துகள் இவர்களிடம் முழுப் பலன் தருவதில்லை. இம்யூனோகுளோபுலின் எனும் எதிர்ப்புரதங்களை ஏற்றுவது பல பாக்டீரியா தொற்றுகளைத் தடுக்கும். இந்த ஒட்டுண்ணியை விரட்டாது. குறைபாட்டையே சரிசெய்வது ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை. கல்லீரல் கெடுவதற்கு முன்பே செய்தால் வெற்றி வாய்ப்பு அதிகம்.

அதுவரை குடிநீரே முதல் காவல். குளோரின் இந்த ஒட்டுண்ணியின் முட்டைக்கூட்டை எளிதில் அழிப்பதில்லை. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்நீர் வழியாகப் பரவிய இந்த ஒட்டுண்ணியால் சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றனர். கொதிக்கவைத்தால் இது செத்துவிடும். எனவே இக்குழந்தைகளுக்குக் குடிக்கவும் பல் துலக்கவும் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதித்து ஆறிய நீரே தர வேண்டும். வயிற்றுப்போக்கு இரண்டு வாரம் தாண்டினாலோ, தாய்வழியில் ஆண் குழந்தைகள் தொற்றால் இறந்திருந்தாலோ, அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.