'வீடு பார்க்க வாருங்கள்!': நோட்டீஸைக் கடையில் மாட்டும் முன்...

மளிகைக் கடை என்பது சரக்கு விற்கும் இடம் மட்டுமல்ல; ஊர்ச் செய்தி பரவும் இடமும் அதுதான். வீடு, மனை விற்பனைக்கென அச்சிட்ட பிட் நோட்டீஸ்கள் முதலில் வந்து சேர்வது நமது கல்லாப் பெட்டிக்கு அருகில்தான். கடை வாசலில் தட்டி கட்டவும், சுவரில் எழுதவும் நம்மிடம்தான் அனுமதி கேட்கிறார்கள். "ஆள் காட்டிவிடுங்கள் அண்ணாச்சி, ஒரு மனைக்கு இவ்வளவு தருகிறோம்" என்றும் சொல்கிறார்கள். ஆகவே இந்த விளம்பரங்கள் எப்படி வேலை செய்கின்றன, நமக்கு அதில் என்ன பொறுப்பு என்பதை வணிகர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது.

வெளிநாட்டு முறை

அமெரிக்காவில் வீடு விற்கும் ஏஜெண்டுகள் 'ஓபன் ஹவுஸ்' என்றொரு முறையைக் கையாளுகிறார்கள். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் வீட்டைத் திறந்து வைப்பார்கள். தெரு முனைகளில் அம்புக்குறிப் பலகைகள் இருக்கும். பத்திரிகையிலும் இணையத்திலும் முகவரி, நேரம், விலை எல்லாம் வெளியாகும். யாரும் முன் அனுமதி இல்லாமல் உள்ளே போய்ப் பார்க்கலாம். வாசலில் ஏஜெண்ட் நின்று வருகிறவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொள்வார்.

இதில் ஒரு வியாபார நுட்பம் உண்டு. அன்று வந்தவர்களில் பலர் அந்த வீட்டை வாங்காமல் போகலாம். ஆனால் வீடு தேடும் இத்தனை பேருடைய விலாசம் ஏஜெண்டின் கைக்கு வந்துவிடுகிறது. அடுத்த வீட்டை அவர்களிடம் காட்டுவார். வாசலில் நின்று வரவேற்கும் அந்த ஏஜெண்ட் விற்பவருடைய ஆள் என்பதை வாங்குபவர் மறக்கக்கூடாது.

நம் பக்கத்து முறை

நம் பகுதியில் பழைய வீட்டை இப்படித் திறந்து வைத்து ஊரைக் கூப்பிடும் வழக்கம் இல்லை. சாவி புரோக்கரிடம் இருக்கும். அவர் ஒவ்வொருவராக அழைத்துச் சென்று காட்டுவார். கமிஷன் வாய்ப்பேச்சில் முடியும். ஆனால் புதிய மனைப்பிரிவுகளிலும் அடுக்குமாடிகளிலும் ஓபன் ஹவுஸ் வேறு உருவத்தில் வந்துவிட்டது. அடுக்குமாடி என்றால் 'மாதிரி வீடு' கட்டி, விளக்கும் திரைச்சீலையும் போட்டுக் காட்டுவார்கள். மனைப்பிரிவு என்றால் ஞாயிற்றுக்கிழமை இலவச வேன், மதியச் சாப்பாடு, அன்றே முன்பணம் கட்டினால் தங்கக் காசு என்று நோட்டீஸ் வரும்.

ராஜபாளையத்து மில்லிலும் ஆலங்குளம் அரசு சிமெண்ட் ஆலையிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்களும், கடை நடத்திச் சிறுகச் சிறுகச் சேர்த்த நம்மவர்களும்தான் இந்த வேனில் ஏறுகிறார்கள். கூட்டத்தோடு போகும்போது, "பக்கத்து மனையை அவர் பிடித்துவிட்டாரே" என்ற அவசரம் பிறக்கிறது. அந்த அவசரத்தைக் கிளப்பத்தான் வேனும் சாப்பாடும். ஆடித் தள்ளுபடி போடும் நமக்கு இது புரியாத வித்தையல்ல.

நோட்டீஸில் எதைச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைவிட எதை விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 'ஆலங்குளத்தில் மனைகள்' என்று மட்டும் இருந்தால் போதாது. விருதுநகர் மாவட்டத்தில் நமது ஆலங்குளம் இருக்கிறது. தென்காசி மாவட்டத்தில் தாலுகா தலைநகரான ஆலங்குளமும் இருக்கிறது. மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண் நான்கும் இருந்தால்தான் அது எந்த இடம் என்பது தெரியும்.

'பத்திரச் செலவு இலவசம்' என்பதும் அப்படித்தான். 2023 ஏப்ரல் முதல் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று உள்ளது. 15 லட்ச ரூபாய் மதிப்புக்கு 1,35,000 ரூபாய். இதை யாரும் கைக்காசிலிருந்து தர்மம் செய்வதில்லை. மனை விலையில் அது ஏறியிருக்கும்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லால் தமிழ்நாட்டில் ஏமாந்தவர்கள் ஏராளம். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்து மட்டும் அதற்கு ஈடாகாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தபோது, விற்கவும் முடியாமல் அடமானம் வைக்கவும் முடியாமல் பலர் தவித்தார்கள். 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கே அவை வழி செய்தன.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கென ஒழுங்குமுறை ஆணையம் சென்னையில் இயங்குகிறது. 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்டுக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து விற்பவர், ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. விளம்பரத்தில் ஆணையத்தின் இணையதள முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கட்டியவர், அதில் கண்டது பொய் என்றால் நஷ்டஈடு கேட்கலாம். விலகிக்கொள்ள விரும்பினால் பணத்தை வட்டியுடன் திரும்பப் பெறலாம். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது.

கமிஷன் பெறும் வணிகர் கவனத்திற்கு

நமக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்தி அதற்குப் பணம் பெறுகிறவர், என்ன பெயரில் இருந்தாலும், இச்சட்டப்படி ரியல் எஸ்டேட் ஏஜெண்டுதான். பதிவு பெற்ற மனைப்பிரிவு என்றாலும், தாமும் ஆணையத்தில் ஏஜெண்டாகப் பதிவு பெறாமல் அவர் ஆள் பிடித்துக் கொடுக்கக்கூடாது. பதிவு இல்லாத மனைப்பிரிவு என்றால் கிட்டவே போகக்கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், அந்த மனை விலையில் 5 சதவீதம் வரை அபராதம் உண்டு. கமிஷனாகக் கிடைத்ததைவிட அபராதம் பெரிதாகிவிடும்.

தனி ஒருவர் தாம் குடியிருந்த பழைய வீட்டை விற்பது இந்தப் பதிவுக்குள் வராது. எனினும் வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. பதிவுள்ள வணிகர் பெறும் தரகுக்கு 18 சதவீத வரி உண்டு. அதைக் கணக்கில் கொண்டுவர வேண்டும்.

காசு எதுவும் வாங்காமல் நோட்டீஸை மட்டும் மாட்டினால் நாம் ஏஜெண்ட் ஆவதில்லை. ஆனால் வாடிக்கையாளர் நோட்டீஸை நம்புவது, அது நம் கடையில் இருப்பதால்தான். மனை வில்லங்கத்தில் மாட்டினால், "அண்ணாச்சி கடையில்தானே பார்த்தேன்" என்ற பேச்சு வரும். இருபது வருடக் கணக்கு நோட்டுப் பழக்கம் அதோடு போய்விடும்.

நோட்டீஸை வாங்கும்போது கேளுங்கள்

1. ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண் எங்கே? அதை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

2. நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் எண் என்ன? எந்த ஆண்டு?

3. சர்வே எண், கிராமம், தாலுகா, மாவட்டம் உண்டா? சர்வே எண் இருந்தால் வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலும், பட்டாவை வருவாய்த்துறை மின்சேவையிலும் பார்த்துக்கொள்ளலாம்.

4. நோட்டீஸ் கொண்டுவந்த ஏஜெண்டுக்குப் பதிவு எண் உண்டா?

5. 'பஸ் நிலையத்திலிருந்து 10 நிமிடம்' என்றால் எத்தனை கிலோமீட்டர்? 'விரைவில் பள்ளி, விரைவில் சாலை' என்பவை யாருடைய உத்தரவாதம்?

ஒரு கிலோ பருப்பைப் பாக்கெட் போட்டால், பாக்கெட் போட்டவர் பெயர், எடை, விலை, மாதம் எல்லாம் அச்சிட வேண்டும் என்று எடையளவுச் சட்டம் நம்மைக் கேட்கிறது. ஒன்று விட்டுப்போனாலும் அதிகாரி வழக்குப் போடுகிறார். நூறு ரூபாய்ச் சரக்குக்கே இத்தனை விவரம் வேண்டுமென்றால், பத்து லட்ச ரூபாய் மனைக்கு அந்த ஐந்து விவரம் கேட்பது அதிகமில்லை. பதில் சொல்லத் தெரிந்தவரின் நோட்டீஸை மாட்டுங்கள். "அதெல்லாம் ஆபீசில் இருக்கிறது" என்பவரின் நோட்டீஸை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.