டர்போ பாஸ்கலின் 200-ஆம் பிழை

மாணாக்கன் ஒருவன் கணிப்பொறியின் முன்னமர்ந்து, திரையைத் துடைத்து ஒரு வரியைக் காட்டுமாறு மட்டும் பணிக்கும் சிறு நிரலொன்றை எழுதுகின்றான் எனக் கொள்வோம். அதில் வகுத்தல் என்பது மருந்துக்கும் இல்லை. ஆயினும் இயக்கிய மாத்திரத்தே, 200-ஆம் பிழை நேர்ந்தது, அஃதாவது சுழியால் வகுக்கப்பட்டது, என்று அறிவித்து அந்நிரல் மடிகின்றது. ஆசிரியரோ, நிரலைத் திரும்பப் படித்துப் பார் என்கின்றார். அவன் நூறு முறை படிப்பினும் பிழை அகப்படாது. ஏனெனில் பிழை அவனுடையதன்று, அவன் கையாண்ட கருவியுடையது.

நிக்கலஸ் விர்த் என்னும் பேரறிஞர் 1970-ஆம் ஆண்டில் வகுத்தளித்த பாஸ்கல் மொழிக்கு, ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பர்க் இயற்றிய கம்பைலரை போர்லண்ட் நிறுவனத்தார் 1983-இல் டர்போ பாஸ்கல் என்னும் பெயரால் 49.95 டாலருக்கு விற்றனர். டாஸ் இயங்குதளத்துக்குரிய அதன் 7-ஆம் பதிப்பு 1992-இல் வெளிவந்தது. நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் அதுவும், அதன் உடன்பிறப்பாகிய டர்போ சி-யும் நெடுங்காலம் பாடக் கருவிகளாய் விளங்கின. டாஸ் தனித்து விற்கப்பட்ட கடைசிப் பதிப்பாகிய 6.22 வெளிவந்தது 1994-இல். கருவி அங்கேயே நின்றுவிட்டது. பொறியோ ஆண்டுதோறும் விரைவு பெற்றது. இவ்விரண்டும் மோதிய இடமே 200-ஆம் பிழை.

அது நேர்ந்தவாறு யாதெனில், திரையையும் விசைப்பலகையையும் ஆள்வதற்கு டர்போ பாஸ்கலில் சி.ஆர்.டி. என்றொரு துணைத்தொகுதி உண்டு. இத்தனை மில்லிசெகண்டு காத்திரு என்னும் கட்டளையும் அதிலேயே அடங்கும். காத்திருப்பதற்குப் பொறியின் விரைவு தெரிய வேண்டுமன்றோ? ஆதலின், நிரலின் முதல் வரி இயங்குமுன்னரே, கணிப்பொறிக் கடிகாரத்தின் ஒரு துடிப்பாகிய சுமார் 55 மில்லிசெகண்டில் ஒரு வெற்றுச் சுழற்சி எத்தனை முறை நடைபெறுகின்றது என எண்ணி, அத்தொகையை 55-ஆல் அது வகுக்கும். கிடைக்கும் ஈவு 16 பிட்டுகள் கொண்ட ஓர் அறையில் அடங்க வேண்டும். அவ்வறை கொள்ளும் பேரெண் 65,535. எண்ணிக்கை 36,04,480-ஐ எட்டினால் ஈவு அறையை மீறிப் பொங்கும். 1992-இன் பொறிகள் அதன் அருகிலும் வரவில்லை. பெண்டியம் 2 முதலிய செயலிகள் 1997-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்தபோது எல்லை கடந்துபோயிற்று. இன்டெல் மரபுச் செயலிகள், ஈவு பொங்கினாலும் சுழியால் வகுத்தாலும் ஒரே சைகையைத்தான் எழுப்புவன. அச்சைகையைக் கண்ட டர்போ பாஸ்கல், காரணத்தை ஆராயாது, சுழியின் மேல் பழி சுமத்திற்று.

திருத்தம் வியக்கத்தக்க அளவு சிறியது. வகுபடு எண்ணின் மேற்பாதி 55-க்குக் குறைவா எனப் பார்த்து, குறைவன்றாயின் அதனை 54 ஆக்கிவிட்டு வகுத்தால் ஈவு ஒருகாலும் பொங்காது. சி.ஆர்.டி.யின் மூலநிரல் கைவசமுள்ளவர் அதைத் திருத்தி மீண்டும் தொகுத்துக்கொள்ளலாம். ஆனால் முன்னமே தொகுக்கப்பட்ட நிரல் ஒவ்வொன்றும் பழைய சி.ஆர்.டி.யின் படியைத் தன் வயிற்றிலேயே சுமந்து திரிகின்றது, எழுதியவர் எங்கிருக்கின்றாரோ! பேகம்பூரில் வாழும் நமக்கு இந்நிலையை விளக்க வேண்டுவதில்லை. பூட்டைச் செய்த பட்டறை மூடப்பட்டிருக்கும், சாவியும் தொலைந்திருக்கும், கதவு மாத்திரம் திறந்தாக வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைப் பழுதுபார்க்கும் கைவினைஞர், உள்ளிருக்கும் நெம்புகோல்களின் அமைப்பை உணர்ந்து வேண்டிய இடத்தில் மட்டுமே அரம் வைப்பார். அவ்வண்ணமே, தொகுக்கப்பட்ட கோப்பினுள் அந்த வகுத்தலுக்குரிய பைட்டுகளைத் தேடிக் கண்டு அவ்விடத்திலேயே மாற்றி எழுதும் சிறு திருத்திகளைச் சிலர் இயற்றி இலவசமாய் வழங்கினர். அவர்களுக்குக் கிடைத்த புகழ் போதாது என்பது என் கருத்து.

இத்திருத்தம் நிரலைச் சாவினின்று காத்ததேயன்றிக் கடிகாரத்தைச் செம்மை செய்யவில்லை. ஒரு துடிப்பில் 72,08,960 சுழற்சி முடிக்கும் பொறியில் ஈவு 1,31,072 ஆக வேண்டும். திருத்தமோ அதனை 65,535-க்கு உட்படுத்துகின்றது. ஆகவே ஒரு செகண்டு காத்திருக்கச் சொன்னால் அரைச் செகண்டிலேயே நிரல் புறப்பட்டுவிடும். முழுப் பரிகாரம் வேண்டுவோர் 32 பிட்டு எண்ணைக் கொண்டு காத்திருக்கும் பகுதியையே புதிதாய் எழுத வேண்டும்.

விண்டோஸின் 64 பிட்டுப் பதிப்புகள் இத்தகைய 16 பிட்டு நிரல்களை இயக்குவதேயில்லை. இன்று அவற்றைக் காண விரும்புவோர் டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருளை நாடுகின்றனர். அது புதிய பொறிக்குள் பழைய பொறியொன்றைப் போலியாய் நிறுவுவது. அதன் விரைவை நாமே குறைத்து வைக்கலாமாதலின், போதுமான அளவு குறைத்தால், திருத்தப்படாத பழைய நிரலும் அங்கே இடரின்றி ஓடுகின்றது.