பக்கத்து சைட்டின் விதை

உட்காருங்கள், டீ வரட்டும். பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பம் வண்டியில் போகும்போது பாதையோரம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கிறதே, காங்கிரஸ் செடி, அதன் கணக்கைத்தான் சொல்லப் போகிறேன். புத்தகத்தில் அதற்குப் பார்த்தீனியம் என்று பெயர். தொட்டால் சிலருக்குத் தோல் தடித்துப் போகும், மகரந்தம் சிலருக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவரும், மேய்ச்சல் நிலத்தில் புல்லை எழவிடாது.

அமெரிக்கக் கண்டத்துச் செடி இது. 1955இல் புனேயில் கண்ணில் பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். ஒரே செடி 10,000 விதைக்கு மேல் உதிர்க்கும். காற்று, மழைத் தண்ணீர், லாரிச் சக்கரத்துச் சேறு, எதில் வேண்டுமானாலும் அது பயணம் போகும்.

உங்களுக்கு 30க்கு 40 அடி சைட் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். கூலி கொடுத்துச் செடியைப் பிடுங்குகிறீர்கள். பக்கத்து சைட்காரர் பெங்களூரில் இருக்கிறார், இந்தப் பக்கமே வருவதில்லை. அடுத்த மழைக்கு அவர் சைட்டின் விதை உங்கள் சைட்டில் முளைக்கிறது. மறுவருடம் நீங்களும் விட்டுவிடுகிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. பிடுங்குகிறவருக்குச் செலவு, பயன் ஊருக்கெல்லாம். இந்த முடிச்சு இருக்கும்வரை தனியொருவர் கைக்காசைப் போட மாட்டார்.

சட்டம் போடாமல் இல்லை. கர்நாடகத்தின் 1968ஆம் ஆண்டு வேளாண் பூச்சி, நோய்ச் சட்டத்தின் கீழ், 1975இல் பெங்களூரில் பார்த்தீனியத்தைத் தீங்குக் களையாக அறிவித்தார்கள். நிலத்துக்காரர்தான் அகற்ற வேண்டும் என்பது அதன் சாரம். செடி பரவுவது நிற்கவில்லை. தரிசு வைத்திருப்பவர்களில் பெரியவர் பெரும்பாலும் அரசுதானே? ரயில்வே நிலம், சாலையோரம், ஏரிக்கரை, புறம்போக்கு. கோலார் தங்கவயலில் 2001இல் மூடிய சுரங்க நிறுவனத்தின் இடங்களும் மத்திய அரசின் சொத்துதான். ஒரு துறை இன்னொரு துறைக்கு நோட்டீஸ் அனுப்பிக் களை பிடுங்க வைக்கும் என்று நம்பியது சட்டத்தின் பலவீனம்.

அப்புறம் வண்டு வந்தது. பார்த்தீனியத்தின் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டு ஒன்றை 1983இல் வரவழைத்து, நம் பயிர்களைத் தின்னுமா என்று சோதித்து, 1984இல் பெங்களூரில் விட்டார்கள். அது யாருடைய சைட் என்று பார்க்காது, கூலி கேட்காது, தானே பெருகும். மழைக்காலத்தில் செடியை மொட்டையடித்துவிடும். வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் உறங்கிவிடும், அப்போது செடி தலைதூக்கும். 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சூரியகாந்தி இலையில் வண்டைப் பார்த்து விவசாயிகள் பதறினார்கள். விசாரிக்கக் குழு போட்டார்கள். பார்த்தீனியத்தின் மகரந்தம் இலையில் படிந்ததால்தான் வண்டு அதைக் கடித்தது என்று ஆய்வில் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பதற்றம் நியாயமானது. வெளியிலிருந்து ஓர் உயிரைக் கொண்டுவரும்போது இவ்வளவு கேள்வியும் கேட்கத்தான் வேண்டும்.

இன்னொரு கணக்கு இதைவிடத் தெளிவானது. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தெரியவந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றிலும் வெள்ளையாக அப்பிக்கொண்டது. மல்பெரிக்கு மருந்தடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு செத்துப்போகும். கோலார் மாதிரிப் பட்டுக்கூடு விளையும் சீமையில் இது வயிற்றிலடிக்கும் விஷயம். 2010இல் பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சிகள் ஆய்வு மையம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. வேளாண் பல்கலைக்கழகங்கள், பட்டு ஆராய்ச்சி நிலையங்கள் வழியாகக் குளவிகள் விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்தன. மாவுப்பூச்சி அடங்கியது. அந்த வேலையின் பயன் ஐந்து ஆண்டுகளில் 52 கோடி டாலரிலிருந்து 134 கோடி டாலர் வரை என்று 2014இல் பொருளாதார ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். ஒரு மருந்துக் கம்பெனி இதைச் செய்திருக்குமா? ஒருமுறை விட்டால் தானே பரவும் குளவியை ஆண்டாண்டு விற்க முடியாது. அதனால்தான் இது அரசு செய்ய வேண்டிய வேலை.

தடுக்கச் செலவழிப்பது எவ்வளவு குறைவு என்பதை உலகக் கணக்கும் காட்டுகிறது. அயல் உயிரினங்களின் ஊடுருவலால் 2019இல் ஆன செலவு 42,300 கோடி டாலருக்கு மேல் என்று 2023இல் வந்த ஐ.நா. ஆதரவு பெற்ற ஐபிபிஇஎஸ் அறிக்கை சொல்கிறது. அதில் 92 சதவீதம் சேதம். கட்டுப்படுத்தச் செலவழித்தது 8 சதவீதம்தான்.

களையை விற்றுக் காசாக்கலாம் என்றும் சொல்வார்கள். ராமநாதபுரத்தில் சீமைக்கருவேலம் கரியாகிறது, பல குடும்பங்களுக்கு அது சோறு. அதனாலேயே அதை ஒழிப்பது அங்கே சிக்கலாகிவிட்டது. பிழைப்பு ஒன்று ஒட்டிக்கொண்ட பிறகு எந்தச் செடியையும் சுலபமாக அசைக்க முடியாது.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடக்கிறது. கோடை மழையில் முளைத்த செடி அதற்குள் பூத்து விதைத்துவிடும். எனவே பங்காருபேட்டைப் புரசபையிடமும் சுற்றுப் பஞ்சாயத்துகளிடமும் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று: பூ வருமுன், மே மாதத்திலேயே, ரயில்வேயையும் சேர்த்துக்கொண்டு, கையுறை கொடுத்து, பொதுக் காசில் எல்லா இடத்தையும் ஒரே வீச்சில் பிடுங்கச் சொல்லுங்கள். ஆள் வராத சைட்டுக்கு ஆன கூலியைச் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கட்டும்.